நாலு தாளைப் பார்த்துவிட்டுக் கப்பலேறியவர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, பார்சிகளின் வேதமான அவெஸ்தாவைப் படிப்பதற்காகவே பிரெஞ்சுக் கம்பெனிப் படையில் சேர்ந்து புதுச்சேரி வந்த ஒருவரைப் பற்றி ரெண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். அதனால் சமையல் எண்ணெய் கேள்வி கேட்டவர்களும் ஓய்வூதியக் கேள்வி கேட்டவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: படிப்பதற்காக ஒருவர் ஏன் படையில் சேர வேண்டும்? கதை கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதே.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நடந்தது அதுதான்.

ஆப்ரகாம் யாசிந்த் ஆங்க்தில் துப்பெரோன். 1731-ல் பாரிஸில், மளிகை, மசாலாச் சரக்கு வியாபாரி வீட்டில் பிறந்தவர். பாதிரியாராக்கலாம் என்று இறையியல் படிக்க அனுப்பினார்கள். பையன் ஹீப்ரு, அரபி, பாரசீகம் என்று மொழிகள் பக்கம் ஒதுங்கிவிட்டான். 1754-ல் பாரிஸில் ஒருவரிடம் நாலே நாலு தாளைப் பார்க்கிறார். ஆக்ஸ்போர்டு நூலகத்தில் வெந்திதாத் என்ற நூலின் சுவடி ஒன்று இருந்தது. அவெஸ்தாவின் ஒரு பகுதி அது. ஐரோப்பாவில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. அதிலிருந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்த நாலு தாள்கள்தான் இவர் கையில் கிடைத்தவை. அன்றே முடிவு செய்துவிட்டார்: இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் சூரத்தில் இருக்கும் பார்சிக் குருமார்கள், எனவே சூரத் போக வேண்டும்.

கப்பலுக்குக் காசில்லை. பெரியவர்களின் சிபாரிசு கிடைக்கும் வரை காத்திருக்கப் பொறுமையும் இல்லை. 1754 நவம்பர் 7-ந் தேதி, அண்ணன் தம்பிகளில் ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, கம்பெனி ஆள்பிடித்து வைத்திருந்த கூட்டத்தோடு முரசுக்குப் பின்னால் நடந்து லோரியான் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். மூட்டையில் இரண்டு சட்டை, இரண்டு கைக்குட்டை, ஒரு ஜோடி காலுறை, கூடவே ஹீப்ரு பைபிள் உட்பட சில புத்தகங்கள். வயது இருபத்துமூன்று நிறைய ஒரு மாதம் பாக்கி. துறைமுகம் போய்ச் சேருவதற்குள் பாரிஸில் இருந்த நண்பர்கள் அரசரிடம் பேசி, சிப்பாய் வேலையிலிருந்து விடுவித்து, இலவசப் பயணமும் சிறு உதவித்தொகையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, சிப்பாயாக நடந்தது பாரிஸ் முதல் லோரியான் வரைதான்; கப்பலில் கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். போன இதழில் நான் எழுதிய விதம், அவர் துப்பாக்கியோடு புதுச்சேரியில் இறங்கியதுபோல் ஆகிவிட்டது. அது என் தப்பு.

கேள்வி: 1755-ல் புதுச்சேரி வந்தவர் சூரத்துக்குப் போக மூன்று வருஷம் எதற்கு?

நல்ல கேள்வி. ஆகஸ்டில் புதுச்சேரியில் இறங்கி, முதலில் அன்றைய பேச்சுப் பாரசீகத்தைக் கற்றுக்கொண்டார். குருமார்களோடு பேச அதுதான் பாலம். அப்புறம் சமஸ்கிருதமும் படித்துவிடலாம் என்று வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த சந்திரநாகூருக்குப் போனார். அங்கே உடம்பு படுத்துவிட்டது. 1757 மார்ச்சில் ஆங்கிலேயர்கள் சந்திரநாகூரைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் வழி போச்சு. மனிதர் என்ன செய்தார் தெரியுமா, வங்காளத்திலிருந்து கிழக்குக் கரையோரமாகவே தரைவழியில் புதுச்சேரிக்குத் திரும்பினார். மாதக்கணக்கான பயணம், வழியெல்லாம் போர்க்காலம்.

புதுச்சேரியிலிருந்து கப்பலில் மாஹே, அங்கிருந்து மறுபடி தரைவழியாக 1758-ல் சூரத். போகிற வழியில் கேரளத்தில் ஒரு காரியம் செய்தார். சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருக்கும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு இருக்கிறதல்லவா, 849-ல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொடுத்தது, அதன் மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் தன் நூலில் சேர்த்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வட்டெழுத்தில் எழுதிய அந்தச் சாசனத்தில் சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும், நடுக்காலப் பாரசீகமான பஹ்லவியிலும் இருக்கின்றன. சூரத்தில் குருமார்களிடம் எந்தப் பஹ்லவியைக் கற்கப் போகிறாரோ, அதே எழுத்தில் பாரசீக வணிகர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கொல்லத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கேள்வி: பார்சிகள் தங்கள் கோயிலுக்குள் வேற்று மதத்தாரை விடுவதில்லை என்பார்கள். வேதத்தை மட்டும் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

உள்சண்டை இருந்ததால்! சூரத் பார்சிகள் அப்போது இரண்டு அணியாகப் பிரிந்திருந்தார்கள். காரணம் நாட்காட்டி. ஈரானிலேயே தங்கிவிட்ட அதே மதத்தவர்களான ஜொராஸ்டிரியர்களின் கணக்குக்கும் இந்தியப் பார்சிகளின் கணக்குக்கும் ஒரு மாதம் வித்தியாசம் இருந்தது. இவர்கள் எப்போதோ ஒரு மாதம் கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள், அவர்கள் சேர்க்கவில்லை. 1720-களில் கெர்மானிலிருந்து வந்த ஜமாஸ்ப் என்ற குரு இதைக் கண்டு சொன்னார். 1740-களில் ஒரு கூட்டம் ஈரான் கணக்குக்கு மாறிக்கொண்டது. பிரார்த்தனையில் மாதப் பெயர் சொல்ல வேண்டும் என்பதால் இது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தப்பான மாதத்தைச் சொன்னால் சடங்கே பலிக்காது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று நம் பக்கம் நடக்கும் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

அந்த ஜமாஸ்பிடம் படித்தவர்களில் ஒருவர் தஸ்தூர் தாராப். தஸ்தூர் என்றால் மூத்த குரு. அவர் அணிக்கு வெளி ஆதரவு தேவைப்பட்டது, ஆங்க்திலுக்கு ஆசிரியர் தேவைப்பட்டது. அப்படியும் தாராப் முதலில் முழு மனதோடு சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஆங்க்தில் எழுதுகிறார். கொடுத்த வெந்திதாத் பிரதி சரியா என்று சந்தேகம் வர, எதிரணிக்காரரிடமிருந்து டச்சுக்காரர்கள் மூலம் இன்னொரு பிரதியைக் கடன் வாங்கி, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்து, குறை இருக்கிறது என்று தாராப் முன்னால் வைத்தாராம். அதற்குப் பிறகுதான் பாடம் ஒழுங்காக நடந்ததாம். தாராப் ஒவ்வொரு சொல்லுக்கும் பாரசீகத்தில் விளக்கம் சொல்ல, இவர் பிரெஞ்சில் எழுதிக்கொள்வார். 1760-ல் பார்சி உடை போட்டுக்கொண்டு தாராபோடு அக்னிக் கோயிலுக்குள்ளும் போய் வந்தேன் என்கிறார்.

இவையெல்லாம் ஆங்க்தில் சொன்ன கதை. மாணவன் எழுதி வைத்தது மட்டும்தான் நமக்குக் கிடைத்தது, ஆசிரியர் தரப்பு கிடைக்கவில்லை. 1916-ல் பம்பாய்ப் பார்சி அறிஞர் ஜீவன்ஜி ஜாம்ஷெட்ஜி மோடி இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி, தாராபைக் குறை சொல்லும் இடங்களையும் கோயில் கதையையும் கேள்விக்கு உட்படுத்தினார். என்னைக் கேட்டால், கோயில் கதையில் கொஞ்சம் மசாலா தூக்கல்.

கேள்வி: அவர் ஒரு கொலைகாரர் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

சூரத்தில் இன்னொரு பிரெஞ்சுக்காரரோடு வாள்சண்டை நடந்து, எதிராளி இறந்தார், இவரும் காயம்பட்டார். பிறகு ஆங்கிலேயரிடம் அடைக்கலம் போனார். முன்கோபக்காரர், வாயும் சும்மா இருக்காது. அந்த வாய் அவரை என்ன பாடு படுத்தியது என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஒரே குடும்பம் என்று சொன்ன வில்லியம் ஜோன்ஸ் இவரை ஏமாற்றுக்காரர் என்றாராமே? அவ்வளவு பெரிய அறிஞர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

ஜோன்ஸ் அதைச் சொன்னபோது பெரிய அறிஞராக இன்னும் ஆகவில்லை, வயது 25.

வரிசையாகச் சொல்கிறேன். ஆங்க்தில் 1761-ல் சூரத்திலிருந்து ஆங்கிலக் கப்பலில் கிளம்பினார். இரு நாடுகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்ததால் இங்கிலாந்தில் கொஞ்ச நாள் பிடித்து வைத்தார்கள். விடுவித்ததும் நேராக ஊருக்கா போவார்? ஆக்ஸ்போர்டு போய், எந்தச் சுவடியின் நாலு தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாரோ அந்தச் சுவடியைக் கையில் வாங்கித் தன் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாரிஸ் போனார். 1762 மார்ச் 15-ல் தான் சேர்த்த சுவடிகளை அரசர் நூலகத்தில் ஒப்படைத்தார். இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவை மொத்தம் 180 சுவடிகள்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1771-ல், ‘சென்ட்-அவெஸ்தா’ என்ற பெயரில் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. (பெயரே கொஞ்சம் தப்பு. அவெஸ்தா என்பது மூலம், சென்ட் என்பது அதன் உரை. திருக்குறளுக்கு ‘உரை-குறள்’ என்று பெயர் வைத்த மாதிரி.) முன்னுரை மட்டும் சுமார் 500 பக்கம். பயணம், காய்ச்சல், சண்டை, யார் மரியாதை கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. போதாக்குறைக்கு ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஒருவரைப் பற்றி, அவருக்கு இந்த மொழி தெரியாது என்று நக்கல். ஜோன்ஸ் அந்த ஆக்ஸ்போர்டில் படித்தவர், அந்தப் பேராசிரியரை மதித்தவர். கோபத்தில், பிரெஞ்சிலேயே, பெயர் போடாமல் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். சாரம் இதுதான்: ஒன்று, பார்சிகளின் மதத்தை நிறுவிய ஜொராஸ்டருக்கு (ஜரதுஷ்டிரர் என்பதும் இவரைத்தான்) புத்தி இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது இந்தப் புத்தகம் அவருடையதாக இருக்க முடியாது. சடங்கு விதிகளும் சுத்தம் அசுத்தக் கணக்குகளும் நிறைந்த ஒரு நூலைப் பார்த்து, கிரேக்கர்கள் புகழ்ந்த ஞானியின் பேச்சா இது என்று கேட்டார். இங்கிலாந்து நம்பியது. பிரெஞ்சுக்காரரைப் பார்சிக் குருமார் ஏமாற்றிவிட்டார்கள், அல்லது அவரே ஏமாற்றுகிறார் என்று பேச்சு. ஜெர்மனியில் மட்டும் குலொய்க்கர் என்பவர் 1776-லேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து ஆங்க்திலுக்காக வாதாடினார்.

ஜோன்ஸ் கல்கத்தா போனார், சமஸ்கிருதம் படித்தார். 1789-ல் பாரசீகர்களைப் பற்றிய உரையில் என்ன சொல்கிறார் பாருங்கள்: அவெஸ்தாச் சொற்பட்டியலைப் படித்தபோது பத்துக்கு ஆறு ஏழு சொல் சுத்த சமஸ்கிருதமாக இருப்பதைக் கண்டு அசந்துவிட்டாராம். அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? ஆங்க்தில் அச்சிட்ட புத்தகத்திலிருந்துதான்! அதே உரையில், இளம் வயதில் இதற்காகவே இந்தியா போனவர் என்று ஆங்க்திலை ஒரு வாக்கியம் பாராட்டவும் செய்கிறார். அகந்தையும் கடுகடுப்பும் இல்லாதிருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பார் என்று அதே மூச்சில் கிள்ளியும் வைக்கிறார்.

1820-ல் டென்மார்க்கிலிருந்து ராஸ்க் என்ற மொழியறிஞர் பம்பாய் வந்து சுவடிகள் சேர்த்துக்கொண்டு போய், அவெஸ்தா மொழி பழமையானது, போலி இல்லை என்று 1826-ல் இலக்கண ஆதாரத்தோடு எழுதினார். அப்புறம் பாரிஸில் புர்னூஃப். ஆங்க்தில் நூலகத்தில் ஒப்படைத்த சுவடிகளையே எடுத்து, அவற்றில் இருந்த, நெரியோசங் என்ற பழைய பார்சிக் குருவின் சமஸ்கிருத மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு 1833-ல் யஸ்னா என்ற பகுதிக்கு உரை எழுதினார். ஆங்க்திலின் மொழிபெயர்ப்பில் பிழை மலிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. 18-ம் நூற்றாண்டுக் குருமார்கள் மூலத்தை நேராகப் படித்துப் பொருள் சொல்லவில்லை, பஹ்லவி உரை சொன்னதைச் சொன்னார்கள், இவர் அதை எழுதிக்கொண்டார். அதனால் இன்று அவர் மொழிபெயர்ப்பை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. ஆனால் அவர் பிழையைத் திருத்தத் தேவையான சுவடியையும் அவரேதான் சுமந்து வந்திருந்தார். நான் அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வது இதை வைத்துத்தான், அந்த 500 பக்க முன்னுரையை வைத்து இல்லை.

கேள்வி: அவெஸ்தா மொழி, பஹ்லவி, பழைய பாரசீகம் மூன்றும் ஒன்றா? சமஸ்கிருதத்தின் பேச்சு வழக்குதான் அவெஸ்தா என்கிறார் என் தமிழாசிரியர்.

மூன்றும் வேறு. அவெஸ்தா மொழி கிழக்கு ஈரானியப் பகுதியைச் சேர்ந்தது. அதில் மிகப் பழையவை ஜரதுஷ்டிரரின் காதைகள், மொத்தம் 17 பாடல்கள். பழைய பாரசீகம் டேரியஸ் போன்ற அரசர்கள் பாறையில் ஆப்பெழுத்தில் வெட்டியது. பஹ்லவி அதற்குப் பல நூற்றாண்டு கழித்து ஈரானைச் சாசானிய அரசர்கள் ஆண்ட காலத்தில் வழங்கிய நடுக்காலப் பாரசீகம்.

உங்கள் ஆசிரியர் சொல்வது கொஞ்சம் வழுக்கல். சமஸ்கிருதமும் அவெஸ்தாவும் அக்கா தங்கை, ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை. ‘ஸ’ வரும் இடத்தில் அங்கே ‘ஹ’ வரும்: சோமம் ஹவோம ஆகும், சப்த ஹப்த ஆகும், அசுரன் அஹுரன் ஆவான். இதில் வேடிக்கை, அவர்களுக்கு அஹுர மஸ்தாதான் கடவுள், ‘தைவ’ என்றால் பேய் பிசாசு. நம் புராணத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

பஹ்லவிதான் ஆளைக் கொல்லும். நான் ஒருமுறை ஆசைப்பட்டு உட்கார்ந்தேன், ஒரே வாரத்தில் மூடி வைத்துவிட்டேன். ‘ந’, ‘வ’, ‘ர’ மூன்றுக்கும் ஒரே கோடு. நம் ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், எகர ஏகார வேறுபாடு தெரியாது, உ.வே.சா. பட்ட பாட்டைப் படித்திருக்கிறோம். அதை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கூத்தும் இருக்கிறது. எழுதுவது அராமிக் சொல், வாசிப்பது பாரசீகச் சொல். ‘மல்கா’ என்று எழுதியிருக்கும், ‘ஷா’ என்று வாசிக்க வேண்டும். ‘லஹ்மா’ என்று எழுதி ‘நான்’ என்று, அதாவது ரொட்டி என்று, வாசிப்பார்கள். புரியாவிட்டால் பழைய கணக்கு நோட்டில் ௸ என்று போட்டு ‘மேற்படி’ என்று வாசிப்போமே, அதுதான். ஆனால் மேற்படி ஒன்று, ரூபாய் ஒன்று என்று நமக்கு நாலைந்து குறிகள், அங்கே நூற்றுக்கணக்கில்.

ஆங்க்திலிடம் தாராப் சொல்லிக் கொடுத்த பஹ்லவி அரைகுறைதான். அதை வைத்தே பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்தர் த சாசி 1790-களில் சாசானியக் கல்வெட்டுகளைப் படித்துவிட்டார். 1802-ல் ஜெர்மானியரான குரோட்டஃபெண்ட் ஆப்பெழுத்தை அவிழ்த்தபோது, அரசர்களின் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்று பார்க்க ஆங்க்திலின் புத்தகத்தில் இருந்த பெயர் வடிவங்கள்தான் உதவின.

கேள்வி: இந்தத் துறையில் பெண்களே இல்லையா? எல்லாம் வாள்சண்டைக்காரர்கள்தானா?

இருக்கிறார்கள், வாள் இல்லாமல். மேரி பாய்ஸ், 1920-ல் டார்ஜிலிங்கில் பிறந்தவர், அப்பா கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி. லண்டனில் கீழை நாடுகள் மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். பார்த்தியம் என்ற பழைய ஈரானிய மொழியில் எழுதப்பட்ட, மானி என்பவர் தொடங்கிய சமயத்தின் பாடல்களில் ஆரம்பித்தவர், 1963-64-ல் ஈரானில் யஸ்து பக்கத்தில் ஷரிஃபாபாத் என்ற கிராமத்தில் ஒரு ஜொராஸ்டிரிய விவசாயி வீட்டில் போய்த் தங்கினார். சுவடியில் படித்த விதிகள் அடுப்படியிலும் வயல் வரப்பிலும் நடப்பதைப் பார்த்தார். வீட்டில் சாப்பிடும் முன் நாய்க்குச் சோறு வைப்பார்கள். வெந்திதாத்தில் நாய்க்கு அவ்வளவு மரியாதை. ஜோன்ஸ் எந்த விதிகளைப் பார்த்துச் சிரித்தாரோ, அவற்றில் பல அந்தக் கிராமத்தில் அன்றாட வாழ்க்கையாக இருந்தன. பிற்காலத்தில் முதுகு வலி அவரை உட்காரவே விடவில்லை, படுத்துக்கொண்டேதான் ஜொராஸ்டிரிய வரலாற்றின் பெருந்தொகுதிகளை எழுதினார். 2006-ல் காலமானார்.

ஆங்க்திலையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவருக்குத்தான் அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். அவெஸ்தா படிக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் சமஸ்கிருதம், அதிலும் வேத மொழி. பிறகு பாரசீகம். ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாவிட்டால் பாதி ஆய்வு கைக்கு எட்டாது. மும்பையில் காமா கீழைக்கல்வி நிறுவனம், நவசாரியில் மெஹர்ஜிராணா நூலகம் என்று சுவடி இருக்கும் இடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. வேலை கிடைக்குமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் கிடைக்காது.

கேள்வி: ஆங்க்தில் கடைசியில் என்ன ஆனார்?

ஏழையாகவே இருந்தார். கீழை நாட்டு அரசர்கள் எல்லாம் சட்டமில்லாத கொடுங்கோலர்கள், குடிகளுக்குச் சொத்துரிமையே இல்லை என்று ஐரோப்பாவில் எழுதிக்கொண்டிருந்தபோது, 1778-ல் அது பொய் என்று புத்தகம் போட்டார். முகலாய இளவரசர் தாரா ஷுகோ பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்த 50 உபநிடதங்களை 1801, 1802-ல் லத்தீனில் வெளியிட்டார். ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் தன் வாழ்வின் ஆறுதல் என்று சொன்னது அந்தப் புத்தகத்தைத்தான். நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று கல்விக் கழகப் பதவியை விட்டார். 1805 ஜனவரி 17-ல் இறந்தார்.

உபநிடதப் புத்தகத்தின் முகப்பில் இந்திய அறிஞர்களை விளித்து ஒரு கடிதம் இருக்கிறது. தன் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அதில் சொல்கிறார்: குளிர்காலத்திலும் தீ மூட்டுவதில்லை, படுக்கை மெத்தை கிடையாது, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிணற்றுத் தண்ணீரும்தான் ஆகாரம், ஒரு நாள் செலவு நாலு சூ. சூ என்றால் பிரெஞ்சுச் சில்லறை. படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று பக்கத்திலேயே கணக்கும் போட்டு வைத்திருக்கிறார்: ஒரு ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சூரத்தை விட்டு நாற்பது வருஷம் ஆகியும் ரூபாய்க் கணக்கு மறக்கவில்லை.